37 வயசுல சேர்ந்து 42-ல முடிச்ச இக்னோ பிஏ - என்னோட ரிவ்யூ

ரெண்டு வாரமா நாலஞ்சு பேரு இதையே கேட்டுட்டாங்க, "அக்கா அந்த இக்னோ பிஏ எப்படிங்க, இந்த வயசுல சேரலாமுங்களா"ன்னு. இக்னோன்னா இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வீட்ல இருந்தே தொலைதூரக் கல்வில படிக்கறது. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொன்னதையே இங்க மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் 2001-ல பிகாம் ரெண்டாவது வருஷத்தோட காலேஜ விட்டவ. அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு, அப்புறம் கல்யாணம், பாப்பா, சென்னிமலையில ஒரு பெட்ஷீட் கடையில கணக்கு வேலை. மறுபடி படிக்கணும்னு தோணினப்ப மொதல்ல போனது நம்ம ஊர்ப்பக்கம் இருந்த ஒரு ஏஜென்ட்கிட்ட. "ஒரே வருஷத்துல டிகிரி கையில குடுத்தர்றோம்"னாங்க, அட்வான்ஸும் குடுத்தேன், அந்தக் காசு இன்னிக்கு வரைக்கும் திரும்பல. ஒரு வருஷத்துல டிகிரின்னு யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீங்க, ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு அப்படி ஒரு டிகிரியே கிடையாது. அதுக்கப்புறம்தான் இக்னோ வெப்சைட்ட நானே உக்காந்து படிச்சு 2019 ஜூலைல பிஏ ஜெனரல், அதாவது பிஏஜி சேர்ந்தேன். வயசு வரம்பே இல்ல. ப்ளஸ் டூ போதும்.

நிறைய பேருக்கு இது ஒரே சப்ஜெக்ட் படிக்கற பிஏ இல்லன்னே தெரியல. ரெண்டு மெயின் சப்ஜெக்ட் நாமளே எடுக்கணும், நான் ஹிஸ்டரியும் பொலிட்டிக்கல் சயின்ஸும் எடுத்தேன். அது போக லாங்குவேஜ், சுற்றுச்சூழல் பேப்பர், ஸ்கில் பேப்பர், வேற துறையில இருந்து எலெக்டிவ்னு வரும். எனக்கு ஸ்கில் பேப்பர்ல ஒண்ணு எமோஷனல் காம்பிடன்ஸ் (உணர்ச்சிகள கையாளற திறமை), எலெக்டிவ்ல ஒண்ணு ஹெல்த் சைக்காலஜி (உடம்பு, மனசு ஆரோக்கியம் பத்தின உளவியல்). மொத்தம் 132 கிரெடிட், வருஷத்துக்கு 44 (கிரெடிட்னா எவ்வளவு படிக்கணும்ங்கற அளவு). இதெல்லாம் நான் 2019-ல சேர்ந்தப்ப இருந்த கணக்கு, இப்ப சேரறவங்க இக்னோ வெப்சைட்ல பாத்துக்கோங்க. ஆரம்பத்துல எனக்கே "இதென்ன கதம்பமா இருக்கு, எதையும் ஒழுங்கா படிக்காம போயிருவமோ"ன்னு பயம் இருந்துச்சு. அந்த பயம் எப்படி போச்சுன்னு சொல்லத்தான் முக்கியமா இத எழுதறேன்.

மொத வருஷ ஹிஸ்டரி பேப்பர் கிபி 300 வரைக்கும். அதப் படிக்கறப்பதான் எங்க ஊருக்குப் பக்கத்துல நொய்யல் கரையில இருக்கற கொடுமணல் பத்தி தேட ஆரம்பிச்சேன். பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு அதுதான்னு சொல்றாங்க. அகழாய்வுல கல்மணி செஞ்ச பட்டறை, இரும்பு உருக்குன உலை, தமிழ் பிராமி எழுத்து கீறுன பானை ஓடுன்னு என்னென்னமோ கெடைச்சிருக்கு. கேரளக் கடற்கரையில இருந்த முசிறி துறைமுகத்துல இருந்து பாலக்காட்டு கணவாய் வழியா கரூருக்குப் போன வணிகப் பாதையில இருந்த ஊரு. இத எங்க மாமனார்கிட்ட "மாமா, ரோமுக்கெல்லாம் இங்கிருந்து கல்லு போயிருக்குதாமா"ன்னு சொன்னேன். அவரு கட்டில்ல உக்காந்தபடியே "ஏம்மிணி, மழை பேஞ்சு விட்டா அந்தக் காட்டுல பாசி பாசியா மேல கெடக்கும், நாங்க மாடு மேய்க்கப் போறப்ப பொறுக்கி கோத்து வெளையாடுவோம்"னாரு. பாசின்னா எங்க பக்கம் மணி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. புக்குல வணிகம், கைவினைன்னு ரெண்டு வரியில இருந்தது எங்க மாமனாரு கையில கெடந்த பாசி. அடுத்த ஞாயித்துக்கிழமையே ரெண்டு பேரும் பஸ் ஏறி அங்க போய்ட்டு வந்தோம்.

அதே நொய்யல்தான் அடுத்தடுத்த பேப்பர்லயும் வந்துட்டே இருந்துச்சு. புக்குல நொய்யல்னு பேரு போட்டு இருக்காதுங்க, நான்தான் கொண்டாந்து வச்சுப் பாத்தேன். சுற்றுச்சூழல் பேப்பர்ல தண்ணி மாசுபாடு படிச்சா என் கண்ணுக்கு முன்னாடி ஒரத்துப்பாளையம் அணைதான் நிக்குது, 1992-ல பாசனத்துக்குன்னு கட்டி, கடைசில திருப்பூர் சாயத்தண்ணி தேங்கற தொட்டியா ஆயிப்போன அணை. பொலிட்டிக்கல் சயின்ஸ்ல அடிப்படை உரிமை, 21-ஆம் பிரிவு, நீதித்துறை எல்லாம் வந்துச்சு. உயிர்வாழற உரிமைக்குள்ள நல்ல தண்ணி, நல்ல காத்து எல்லாம் அடங்கும்னு கோர்ட்டுங்க சொல்லியிருக்குன்னு படிச்சப்பதான், ஆயக்கட்டு விவசாயிங்க ஏன் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2011-ல சாயப்பட்டறைங்கள மூடச்சொல்லி உத்தரவு எப்படி வந்துச்சு, சுத்திகரிச்சு ஒரு சொட்டுகூட ஆத்துல விடக்கூடாதுன்னு ஏன் வச்சாங்கங்கறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுச்சு. அதுவரைக்கும் எனக்கு அது வெறும் டிவி நியூஸ். இன்னொரு பக்கம், பட்டறை மூடுனப்ப வேலை போன குடும்பங்களும் எங்க சொந்தத்துலயே இருக்கு, அவங்க பக்கத்தையும் ஒதுக்க முடியாது, மாநில அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோர்ட்டு, வேலைன்னு எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆத்தோட கதைன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு.

கடைசியா ஹெல்த் சைக்காலஜி. ஸ்ட்ரெஸ் பத்திப் படிக்கறப்ப லாசரஸ்னு ஒருத்தர் சொன்னது வரும். நடந்த சம்பவம் மட்டும் ஒருத்தர அமுக்கறது இல்ல, அதப் பாத்து "இது என்னை என்ன செய்யும், இதுக்கு என்னால ஏதாச்சும் செய்ய முடியுமா"ன்னு மனசு போடற கணக்குதான் முக்கியம்னு. எங்க மாமனாரு கெணத்துல தண்ணி உப்பாயி தென்னை ஒவ்வொண்ணா காஞ்சப்ப மனுஷன் வருஷக்கணக்குல யாருகிட்டயும் சரியா பேசமாட்டாரு. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவருக்கு என்னைப் பிடிக்கலபோலன்னு நெனச்சுட்டேன். பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு பாடப்புத்தகத்தப் படிச்சுட்டு அடுப்படியில நின்னு அழுதேன். தன்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஆன மனுஷன் பேசாமதான் இருப்பாரு.

அதனாலதான் சொல்றேன், 19 வயசுல இதே பாடத்த நான் மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிருப்பேன். 40 வயசுல நம்மகிட்ட கேள்வி ஏற்கனவே இருக்கு, பதிலு நாலு துறையில செதறிக் கெடக்கு. ஒரே துறை படிச்சா ஒரு துண்டுதான் கெடைச்சிருக்கும்.

இதுல எனக்கு ஒரு ஆசையும் உண்டு. இந்த சப்ஜெக்ட்டுங்கள சேத்துவச்சு நம்ம ஊரு விஷயம் ஒண்ண எடுத்து எழுதற மாதிரி ஒரு ப்ராஜெக்ட் பேப்பர் கட்டாயமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். நான் படிச்சபடி ஹிஸ்டரி ஒரு பொட்டி, பாலிடிக்ஸ் ஒரு பொட்டி, சேக்கற வேலை நம்மளோடது. அதுக்குத்தான் 10-க்கு ரெண்டு மார்க் கொறைச்சு 8 குடுக்கறேன்.

இப்ப நடைமுறை விஷயம். ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்புன்னு கணக்கு. 44 கிரெடிட்னா வருஷத்துக்கு 1320 மணி நேரம், நாளுக்கு மூணரை மணிக்கு மேல வருது. வேலை, வீடு, சொந்தத்துல நல்லது கெட்டதுன்னு இருக்கறவங்களுக்கு அது நடக்காது. நான் சேர்ந்தப்ப 3 வருஷத்துல முடிக்கலாம், ஆனா 6 வருஷம் வரைக்கும் டைம் இருந்துச்சு, நான் அஞ்சரை வருஷம் எடுத்து 2024 டிசம்பர் எக்ஸாமோட முடிச்சேன். ஜூன்லயும் டிசம்பர்லயும் எக்ஸாம் இருக்கறதால ஒரு வருஷத்து எட்டு பேப்பரையும் ஒரேயடியா எழுதாம நாலு நாலா பிரிச்சுக்கலாம். நான் அப்படித்தான் செஞ்சேன், யாருக்கும் அதத்தான் சொல்லுவேன்.

நான் படிச்சப்ப அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், எக்ஸாமுக்கு 70. ரெண்டுலயும் தனித்தனியா 35 சதவீதம் எடுக்கணும். 6 கிரெடிட் பேப்பர் அசைன்மென்ட்னா 500 வார்த்தைல ரெண்டு, 250-ல மூணு, 100 வார்த்தைல அஞ்சு பதில், எல்லாம் கையால எழுதணும். அசைன்மென்ட்ட நெட்ல இருக்கறதப் பாத்து அப்படியே காப்பி அடிக்கறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த எழுத்துதான் எக்ஸாம் ஹால்ல 3 மணி நேரம் எழுதறதுக்கு கை பழகற எடம், நான் இருவது வருஷமா பில்லு தவிர ஒண்ணும் எழுதாம இருந்தவ, மொத எக்ஸாம்ல ஒரு மணி நேரத்துலயே வெரல் மடங்கல.

இங்கிலீஷ்தான் பெரிய மலை. நான் தமிழ் மீடியம். எனக்கு உதவுனது என்னன்னா, தமிழ்நாடு அரசு 11, 12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல், வரலாறு தமிழ் புத்தகங்கள். மொதல்ல அதுல விஷயத்தப் புரிஞ்சுக்குவேன், அப்புறம் இக்னோ புக்க எடுத்தா பாதி சிரமம் போயிரும். இறையாண்மைதான் சாவரினிட்டி, கூட்டாட்சிதான் ஃபெடரலிசம்னு ரெண்டு பக்கமும் எழுதி ஒரு நோட்டு போட்டேன், அஞ்சு வருஷத்துல அது 90 பக்கம் ஆயிருச்சு. அப்படியும் மொத வருஷம் பொலிட்டிக்கல் தியரி பேப்பர் போயிருச்சு, அடுத்த தடவை எழுதி 52 எடுத்தேன். பாப்பா அப்ப ப்ளஸ் ஒன், "அம்மா சாவரினிட்டிய நீ சொல்லு, லாகரிதம் நான் சொல்லித் தர்றேன்"னு ராத்திரி ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காருவோம்.

கவுன்சலிங் கிளாஸ், அதாவது ஸ்டடி சென்டர்ல வாத்தியார் நடத்தற வகுப்பு, தியரி பேப்பருக்கு கட்டாயம் இல்ல. யாராச்சும் எதிர்ல நின்னு நடத்துனாத்தான் மண்டையில ஏறும்ங்கறவங்களுக்கு இது கஷ்டம், அவங்க நல்லா யோசிச்சுக்கோங்க.

வேலைக்காக படிக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். நான் சேர்ந்தப்ப ப்ளஸ் டூ இல்லாதவங்க பிபிபின்னு இக்னோவோட ஆயத்தப் படிப்பு ஒண்ணு முடிச்சும் பிஏ சேர முடிஞ்சுது, ஆனா தமிழ்நாடு அரசு வேலைக்கு பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரிங்கற வரிசை இருக்கணும், அது இல்லன்னா மொதல்ல ப்ளஸ் டூவ பிரைவேட்டா எழுதி முடிச்சுருங்க. இன்னொண்ணு, இதுல கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி எதையும் எதிர்பாத்து வராதீங்க. எனக்கு கடையில சம்பளம் ஒண்ணும் ஏறல. டிஎன்பிஎஸ்சி எழுதறவங்களுக்கு மட்டும் ஹிஸ்டரி பொலிட்டிக்கல் சயின்ஸ் ஜோடி ரொம்ப உதவும், சிலபஸ்ல பாதி படிச்ச மாதிரியே இருக்கும்.

அட்மிஷன் ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை. இப்ப சேரணும்னா டிஇபி ஐடி (தொலைதூரக் கல்வில சேரறதுக்கு யுஜிசி சைட்ல எடுக்கற நம்பர்), ஏபிசி ஐடி (எடுத்த கிரெடிட்டெல்லாம் சேத்து வைக்கற கணக்கு நம்பர்) ரெண்டும் எடுத்து வச்சுக்கணும், ஆதார்ல பேரும் மார்க்ஷீட்ல பேரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் மாறுன பொம்பளைங்க இத கட்டாயம் முன்னாடியே சரி பண்ணிக்கோங்க.

பீஸ் கட்டறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை செய்ங்க. ஈஞான்கோஷ்னு இக்னோவோட சைட் இருக்கு, புக்குங்க அதுல ஃப்ரீ, சேராதவங்களும் படிக்கலாம். எந்த சப்ஜெக்ட் எடுக்கலாம்னு நெனைக்கறீங்களோ அதுல ஒரு யூனிட் எறக்கி, ஒரு வாரம் வேலை முடிஞ்சு வந்து ராத்திரில படிச்சுப் பாருங்க. அந்த ஒரு வாரத்துல தூக்கம் வந்தாலும் பரவால்ல, அடுத்த நாளு கடையில நிக்கறப்ப அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருதான்னு மட்டும் கவனிங்க. வந்தா அந்த சப்ஜெக்ட்ட எடுங்க, வரலன்னா வேறத எறக்கிப் படிங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, கடை மூடுனதுக்கப்புறம் எட்டு மணிக்கு மேல பதில் போடறேன்.