கிராலி வீடா, பெல்லமி வீடா?

பழைய காலத்து இங்கிலாந்துக் கதையாக நல்ல சீரியல் ஒன்று சொல்லு என்று யார் கேட்டாலும் 'டவுன்டன் அபி' என்றுதான் சொல்லி வந்தேன். போன வருடம் அத்தை கேட்டபோது மட்டும் கொஞ்சம் மேதாவித்தனம் தலைக்கேறிவிட்டது. ஊரே பார்த்ததை நாம் எதற்குச் சொல்ல வேண்டும்? அதற்கெல்லாம் மூத்ததான 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ராத்திரி போன்.

"டேய், நேத்து கலரா இருந்துச்சு. இன்னிக்கு கறுப்பு வெள்ளையா ஓடுது. டிவி போயிடுச்சா?"

டிவிக்கு ஒன்றும் இல்லை. கலர் கருவிகளில் வேலை செய்வதற்குக் கூடுதல் சம்பளம் வேண்டும் என்று 1970 நவம்பரில் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலின் தொழில்நுட்பப் பணியாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். கலரில் எடுக்கவே மாட்டோம் என்று 1971 பிப்ரவரி வரை உறுதியாக நின்றார்கள். ஆரம்ப எபிசோடுகள் அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டன. முதல் எபிசோடை மட்டும் பிறகு கலரில் திரும்ப எடுத்தார்கள். வேலைக்காரர்களைப் பற்றிய தொடர், வேலை செய்தவர்களின் கூலித் தகராறால் நிறம் இழந்தது எனக்குப் பிடித்த பொருத்தம். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு நான் என்னடா பண்றது" என்றார். நியாயம்தான்.

அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். (கதையின் திருப்பங்கள் சில வரும். ஒன்று ஐம்பது வருடப் பழசு, இன்னொன்று முடிந்தே பத்து வருடம் ஆகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.)

இரண்டுமே ஐடிவி தொடர்கள். இரண்டிலும் மாடியில் எஜமானர்கள், கீழே வேலைக்காரர்கள். 'அப்ஸ்டேர்ஸ்' 1971 முதல் 1975 வரை, 68 எபிசோடுகள். லண்டன் பெல்கிரேவியாவில் ஈட்டன் பிளேஸ், 165ஆம் எண்ணில் இருக்கும் பெல்லமி குடும்பத்தின் வீட்டில் 1903 முதல் 1930 வரை நடக்கும் கதை. அந்தத் தெருவில் 65ஆம் எண் வீட்டின் முன்னால் ஒரு '1' சேர்த்து எழுதிப் படம்பிடித்தார்களாம். மற்றபடி பெரும்பாலும் ஸ்டூடியோதான். 'டவுன்டன்' 2010 முதல் 2015 வரை, கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகளையும் சேர்த்தால் 52. கதைப்படி யார்க்‌ஷயரில் உள்ள கிராலி குடும்பத்தின் மாளிகை. படம்பிடித்தது ஹாம்ப்‌ஷயரின் ஹைகிளேர் கோட்டையில். துட்டன்காமன் கல்லறைத் தேடலுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவின் வீடு அது. ஆனால் கீழ்த்தள சமையலறை அங்கே இல்லை, லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட். ஒரு ஃபுட்மேன், அதாவது பரிமாறும் வேலைக்காரன், தட்டை எடுத்துக்கொண்டு படியேறுவான் பாருங்கள், அவன் ஏறத் தொடங்குவது ஈலிங்கில், சாப்பாட்டு அறைக்குள் நுழைவது ஹாம்ப்‌ஷயரில். இது தெரிந்ததிலிருந்து சூப் ஆறிப்போயிருக்குமே என்ற கவலை இல்லாமல் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

கண்ணுக்கு அழகு, வேகம் என்று பார்த்தால் போட்டியே கிடையாது. டவுன்டனில் ஒரு காட்சி இரண்டு நிமிடம் தாண்டுவது அபூர்வம். ஒரே எபிசோடில் ஏழெட்டு கதைகள் ஓடும். முதல் சீசனிலேயே துருக்கி தூதரக ஆள் ஒருவர் மூத்த மகள் மேரியின் படுக்கையில் செத்துப்போகிறார். மேரி, அவள் அம்மா, வேலைக்காரப் பெண் அன்னா மூவருமாக நடுராத்திரியில் பிணத்தைத் தூக்கிப்போய் அவர் அறையில் போடுகிறார்கள். அத்தை அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டாராம். இதற்கு மேல், வீட்டுப் பாட்டியாக வரும் மேகி ஸ்மித் வேறு. வாரயிறுதி என்றால் என்ன என்று அந்தக் கிழவி கேட்கும் ஒரு கேள்வியில், வாழ்நாளில் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாத ஒரு வர்க்கமே தெரிந்துவிடும்.

பழையது அப்படி இல்லை. நாடகம் மாதிரி நீளமான காட்சிகள், வீடியோ டேப்பின் மங்கல், கதவை அழுத்திச் சாத்தினால் சுவர் ஆடிவிடுமோ என்று தோன்றும் செட். முதல் பத்து எபிசோடு பொறுமை வேண்டும். ஆனால் யோசனையைப் பிடித்தது யார் என்று பாருங்கள்: ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் என்ற இரண்டு நடிகைகள். இருவர் வீட்டிலும் பெரிய இடங்களில் வேலைக்கு இருந்தவர்கள் உண்டு. ஜீன் மார்ஷ்தான் வேலைக்காரப் பெண் ரோஸாக நடித்தார். டவுன்டனை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ் மாடிப் பக்கத்து மனிதர். வித்தியாசம் ஆரம்பிப்பது இங்கேதான்.

எனக்கு ஒப்பிடச் சரியான இடம் பணம் போகிற இடம். இரண்டு வீட்டிலும் எஜமானர் தப்பான இடத்தில் பணம் போட்டு இழக்கிறார். டவுன்டனில் கிரந்தம் பிரபு, மனைவி கொண்டுவந்த சொத்தைக் கனடாவின் ரயில்வே கம்பெனியில் போட்டுக் கோட்டை விடுகிறார். வீட்டையே விற்க வேண்டிய நிலை. ஆனால் மருமகன் மேத்யூவுக்கு, செத்துப்போன பழைய காதலியின் அப்பா வழியில் ஒரு சொத்து வந்து விழுகிறது. வீடு பிழைத்தது, டின்னர் தொடர்கிறது.

பெல்லமி வீட்டிலும் அதே கதை, ஆனால் போனது யாருடைய பணம்? ரோஸின் பணம். அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த ஆஸ்திரேலிய சிப்பாய் கிரிகரி முதல் உலகப் போரில் இறந்துபோய் அவளுக்கு விட்டுப்போனது. அதைப் பெருக்கித் தருகிறேன் என்று மகன் ஜேம்ஸ் வாங்கிப் பங்குச் சந்தையில் போட, 1929 சரிவில் எல்லாம் போய்விடுகிறது. அவன் தற்கொலை செய்துகொள்கிறான், வீடு விற்பனைக்கு வருகிறது. யாருக்கும் எங்கிருந்தும் சொத்து வந்து விழவில்லை.

இந்த ஒரு இடத்துக்காகவே பழையதற்கு என் ஓட்டு. டவுன்டனில் எஜமானர்கள் கடைசியில் நல்லவர்களாகிவிடுவார்கள். சமையற்காரி பேட்மோருக்குக் கண் போனால் பிரபு வைத்தியத்துக்கு அனுப்புவார். கார் ஓட்டிய பிரான்சன் வீட்டு மகளையே மணந்து எஸ்டேட் பார்த்துக்கொள்வான். பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. பெல்லமி வீட்டில் வேலைக்காரி சாரா அதே ஜேம்ஸால் கர்ப்பமாகிறாள். மாடியில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு விருந்து நடக்கும் ராத்திரியில் அவளுக்கு வலி எடுக்கிறது. குழந்தை பிழைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் ஐரிஷ் பெண் எமிலியின் கதையை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். டவுன்டன் எழுதியவர் கை அந்த இடத்துக்குப் போயிருக்காது.

அப்புறம், 2010 இறுதியில் அதே வீட்டை பிபிசி மறுபடி திறந்தது. ஒன்பதே எபிசோடுகள். முதல் தொடரில் நடிக்க முடியாமல் போன அட்கின்ஸ் இதில் வருகிறார், ரோஸாக மார்ஷும் வருகிறார். அதற்காக மட்டும் ஒருமுறை பார்க்கலாம். டவுன்டன் முந்திக்கொண்ட அதே வருடம் வந்ததால் பாவம், எடுபடவில்லை.

யாருக்கு எது? வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு டவுன்டன், அதுவும் முதல் மூன்று சீசன். ஜெயில், விசாரணை என்று பிரபுவின் பணியாள் பேட்ஸை இழுத்துக்கொண்டே போகும் பகுதியை ஓட்டிவிடுங்கள், பாவம் ஒன்றும் வராது. பார்க்கும்போது மாடியைவிட அடுப்படியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதில் உங்கள் மனசு நின்றால், நீங்கள் பெல்லமி வீட்டு ஆள். இரண்டாவதாக அதற்குப் போங்கள். ஆங்கிலம் காதில் ஏறாவிட்டால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பட்லர் ஹட்சனின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு எனக்கே இரண்டு எபிசோடுக்குப் பிறகுதான் பிடிபட்டது.

அத்தை நான் சொன்ன வரிசையில்தான் கடைசியில் வந்தார். டவுன்டனை ஆறே வாரத்தில் முடித்துவிட்டு, "அந்தக் கறுப்பு வெள்ளையக் குடு" என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது போர்க்காலத்தில் இருக்கிறார், கிரிகரி வந்துவிட்டான். நேற்று போன் செய்து ஒரே கேள்வி: "ரோஸுக்கு கல்யாணம் ஆயிடும்ல?"

பாருங்க அத்தை என்று சொல்லி வைத்துவிட்டேன்.