டெமோவில் தெரியாதவை: அல்ட்ராசவுண்ட் மெஷின் – ஒரு நீண்டகால அனுபவம்

புதிதாக ஸ்கேன் சென்டர் போடும் ஜூனியர்கள் போன் செய்தால், "சார், எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாடல் பெயர் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. இவர் லோன் வாங்கி முடிப்பதற்குள் அந்த மாடலே சந்தையை விட்டுப் போயிருக்கும். கறுப்பு வெள்ளை மெஷினில் தொடங்கி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர், கையடக்கக் கருவி என்று வரிசையாகப் புழங்கியவன் என்கிற முறையில் நான் சொல்வது வேறு. கோட்டேஷனில் இருக்கும் ஒவ்வொரு வசதியும் எந்தக் காலத்தில், எதற்காக வந்தது என்று பாருங்கள். என் அனுபவத்தில் தினமும் சோறு போடுவது பழைய வசதிகள். விலையை ஏற்றுவது புதியவை.

டெமோவுக்கு எப்போதும் ஒல்லியான ஒருவரைப் படுக்க வைப்பார்கள். ஒல்லி உடம்பில் எந்த மெஷினும் அழகாகத்தான் காட்டும். தடித்த வயிற்றில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டுதான் மெஷின் படம் வரைகிறது. கொழுப்பில் ஒலி அதைவிட மெதுவாகப் போவதால் கணக்கு தவறி, படம் கலங்கும். நல்ல மெஷினுக்கும் சுமாரான மெஷினுக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும். வியன்னாவில் கார்ல் டூசிக் என்ற நரம்பியல் மருத்துவர், தலைக்குள் ஒலியைச் செலுத்தி மூளையின் அறைகளைப் படம் பிடித்ததாக 1942இல் வெளியிட்டார். பிறகு 1950களில் சோதித்தவர்கள், அந்தப் படங்களில் பெரும்பாலும் தெரிவது மண்டையோடு ஒலியை விழுங்கிய விதம்தான் என்று காட்டினார்கள். பளிச்சென்ற படத்தைக் கண்டு மயங்கும் வழக்கம் இந்தத் துறைக்குப் பிறவியிலேயே வந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1955 ஜூலை 21. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். வெல்டிங்கில் விரிசல் தேடும் ஒலிக்கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்துக்கொண்டார்கள். சூலக நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, கர்ப்பப்பை நார்க்கட்டி வேறு மாதிரி. உள்ளே இருப்பது நீரா, சதையா? இன்றும் என் காலை நேர வேலையில் பாதி அந்தக் கேள்விதான். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் டொனால்டுக்காகத் தனியாக ஒரு ஸ்கேனரே கட்டிக்கொடுத்தார். மருத்துவர் ஜான் மேக்விகாரையும் சேர்த்து மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் வந்தது.

வெளி பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு நெளிந்துகொண்டு, "சார், அடக்க முடியல" என்று எட்டிப் பார்ப்பவர்கள் திட்டுவதானால் டொனால்டைத்தான் திட்ட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல் விலகி, கர்ப்பப்பைக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும் என்பதை 60களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் புரோப் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவி) வந்த பிறகு தேவை குறைந்தது. ஆனாலும் அதற்குச் சம்மதிக்காதவர்களுக்கு இன்றைக்கும் தண்ணீர்தான் வழி.

அன்றைய ஸ்கேனரில் புரோபை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்தி ஒரு படத்தைச் சேர்க்க வேண்டும். நடுவில் குழந்தை அசைந்தால் படம் போயிற்று. 1965இல் சீமென்ஸ் கொண்டுவந்த விடோசன் நொடிக்கு 15 படம் காட்டி, அசைவையே பார்க்க வைத்தது. எனக்கு ஒரே ஒரு வசதிதான் என்று யாராவது சொன்னால், கண் மூடிக்கொண்டு இதைக் கேட்பேன். இதயத்துடிப்பு தெரிந்த நொடியில் அந்தத் தாயின் முகம் மாறுவது எந்த பிரிண்ட் அவுட்டிலும் வராது.

அதற்கடுத்து சாம்பல் நிறம். ஆரம்பகால ஸ்கேனர்களில் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் ஒன்றும் கிடையாது. சிட்னியில் ஜார்ஜ் கொசாஃப் குழுவினர் எதிரொலியின் பலத்துக்கு ஏற்ப சாம்பல் படிகளைக் கொண்டுவந்தார்கள். கல்லீரலில் கொழுப்பு என்று நான் தினமும் எழுதும் ரிப்போர்ட்டெல்லாம், பக்கத்துச் சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான்.

அளவுகளைப் பற்றி எனக்கு ஒரு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. முதல் மூன்று மாதத்தில் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்து வாரக்கணக்கு போடும் முறை கிளாஸ்கோவின் ஹியூ ராபின்சன் 1973இல் தந்தது. இன்றுவரை அசைக்க முடியாதது. சிக்கல் கடைசி மாதங்களில். பல மெஷின்களில் முன்கூட்டியே ஏற்றி வருவது, ஃபிராங்க் ஹாட்லாக் அமெரிக்காவின் டெக்சாஸில் தயாரித்த குழந்தை வளர்ச்சி அட்டவணை. ஐந்தடிக்கும் குறைவான நம் ஊர்த் தாயின் குழந்தையை அதோடு ஒப்பிட்டு 'வளர்ச்சி குறைவு' என்று மெஷின் காட்டும், குடும்பமே கலங்கும். 2014இல் வெளியான இன்டர்குரோத்-21 வளர்ச்சி அளவுகோலுக்கு நாக்பூர் தாய்மார்களையும் அளந்திருக்கிறார்கள். அதுவும் மெஷினில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கலர் டாப்ளரை நான் தாமதமாகத்தான் வாங்கினேன். விலை அப்படி. ஜப்பானியர்கள் 80களில் கொடுத்த வசதி இது. வளர்ச்சி உண்மையாகவே குறைந்த குழந்தையின் தொப்புள்கொடித் தமனியில், இதயம் தளரும் நேரத்திலும் ரத்தம் முன்னோக்கி ஓடுகிறதா என்று பார்ப்பது ஒன்றுக்கே அந்தக் காசு தகும். 3டி, 4டி பற்றி அவ்வளவு உற்சாகம் இல்லை. பிளவு உதடு போன்றவற்றைப் பெற்றோருக்கு விளக்க உதவும். மற்றபடி ஆல்பத்துக்கு முகப்படம்.

பராமரிப்புக்கு வருவோம். மெஷினைவிடப் புரோப்தான் முதலில் படுக்கும். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்யும் பீங்கான் துணுக்குகள் வரிசையாக உள்ளே இருக்கின்றன. ஒருமுறை கை நழுவினால் சில செத்துவிடும், படத்தின் உச்சியிலிருந்து கறுப்புக் கோடு இறங்கும். ஜெல் போடாமல் காற்றில் பிடித்தபடி திரையின் மேல்பகுதியைப் பாருங்கள், இடையில் இருட்டுப் பட்டை விழுந்திருந்தால் தெரிந்துவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் உதவியாளரைத் தடுத்து நிறுத்துங்கள். டிராலிச் சக்கரம் ஒயர் மேல் ஏறாமல் பாருங்கள். ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் புரோபும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி நின்றவர்கள் பலரை அறிவேன்.

கையடக்கக் கருவிகளில், படிகமே இல்லாமல் சிலிக்கான் சிப்பில் ஒலி எழுப்பும் பட்டர்ஃபிளை ஐக்யூ 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நான் புழங்கிய கையடக்கக் கருவி வேறு. வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் உண்டா என்று ஐசியூ படுக்கையருகே பார்க்க அருமை. முழு வயிற்று ஸ்கேனுக்கு அதை நம்ப மாட்டேன். தொடர்ந்து பார்த்தால் சூடாகித் தானே நின்றுவிடும்.

சட்டைப்பையில் போட்டு ஊர் சுற்றலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கருவில் இருக்கும் குழந்தையின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும், 2003 திருத்தத்துக்குப் பின் அது இன்னும் இறுகியது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 927 பெண் குழந்தைகள்தான் என்றிருந்த நாட்டில் அது இறுகியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அந்தச் சட்டம் கேட்கும் ஃபார்ம் எஃப் என்ற படிவத்தை நிரப்பும் நேரத்தையும் சேர்த்துத்தான் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் என்று கணக்குப் போட வேண்டும். அந்தச் சட்டப்படி பதிவு இல்லாத இடத்துக்கு மெஷின் விற்பதே குற்றம். எனவே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், படத்தைப் பார்க்கும் முன் விற்பவரின் பதிவுச் சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரை மெஷின் பின்னால் இருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.