ஆறு பேருக்கு ஒரு சஹன்: மருதானையில் ஒரு பிரியாவிடைச் சாப்பாடு

ஒஃபிஸில் யாராவது விலகினால் எங்களுக்கு வழக்கம் ஹோட்டல் பஃபேதான். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை, கடைசியில் ஒரு போட்டோ. இந்த முறை எங்கள் ஓடிட் டீமில் இரண்டு பேருக்கு, பட்டயக் கணக்காளர் நிறுவகம் கேட்கும் மூன்று வருடப் பயிற்சி ஒன்றாக முடிந்தது. ஒருவர் டோஹா போகிறார். மற்றவள் மட்டக்களப்புக்கு, வீட்டோடு. டோஹாக்காரர்தான் சொன்னார், பஃபே வேண்டாம், சஹன் போடுவோம் என்று. சஹன் என்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் முஸ்லிம் விருந்து. அவர் வீட்டுக் கலியாணங்களுக்கு எடுக்கும் கடை கொழும்பு மருதானையில் இருக்கிறது.

ஒரு சஹன் ஆறு பேர் கணக்கு. நாங்கள் ஐந்து பேர். குறைத்துத் தருவீர்களா என்று ஃபோனில் கேட்டேன். "ஆளக் கூட்டிட்டு வாங்க தங்கச்சி, சோத்தக் குறைக்க ஏலாது" என்று கடை நானா முடித்துவிட்டார். அதனால் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஹட்டன் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனோம். அவனுக்குப் பிரிவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள், பாவம்.

மாடி அறை, பாய், ஒரேயொரு ஃபேன். கை கழுவ செம்பும் பேசினும் கொண்டுவந்தார்கள். பிறகு தட்டு வந்தது. கீரிச் சம்பா பிரியாணி, உச்சியில் முழுக் கோழி ரோஸ்ட், சுற்றிவர அவித்த முட்டை, கஜு, பிளம்ஸ் (உலர்திராட்சை). சோறு உதிரியாக, நெய் கையில் ஒட்டாமல் இருந்தது. மாட்டிறைச்சிக்குப் பதில் கோழிக்கறி முதலே சொல்லியிருந்தோம். அதில் உப்பு தூக்கல். ஆனால் மலாய் அச்சாறு! வினாகிரியில் ஊறிய சின்ன வெங்காயம், கடுகுக் காரம், இடையில் பேரீச்சம்பழத் துண்டு பல்லில் படும். இரண்டாம் தரம் கேட்டும் முகம் கோணாமல் வைத்தார்கள்.

அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும் என்பது சஹன் முறை. தம்பி கூச்சத்தில் கொறித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் மட்டும் மலை மாதிரி நின்றது. "உன்ட பக்கம் முடிஞ்சாத்தான்டா நாங்க எழும்பலாம்" என்று டோஹாக்காரர் கோழித் தொடையைப் பிய்த்து அவன் பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு பையன் நிறுத்தவில்லை.

எல்லோர் கையிலும் சோறு, ஃபோனைத் தொட வழியில்லை. பிரியாவிடை உரையும் இல்லை. மார்ச் 31 இரவு, வருடக் கடைசி ஸ்டொக் கணக்கெடுப்புக்கு, பேலியகொடை களஞ்சியத்தில் டைல் பெட்டி எண்ணிய கதை ஓடியது. அதிலிருந்து அப்படியே, எந்தக் கிளையன்டின் ஸ்டோர்கீப்பர் ஃபைலைத் தேடுகிற மாதிரி நடிப்பார், எங்கே பிளேன்டீ கிடைக்கும், எந்த மெனேஜரிடம் பின்னேரம் போகக்கூடாது என்று மட்டக்களப்புக்காரி தம்பிக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒஃபிஸில் அரைநாள் ஹேண்ட்ஓவர் என்று போட்டிருந்தார்கள். உண்மையான ஹேண்ட்ஓவர் அந்தப் பாயில்தான் நடந்தது. பஃபேயில் இவனை யார் கூட்டிப் போயிருப்பார்கள்?

இனிப்புக்கு வந்த வட்டிலப்பம் சுமார். கித்துள் கருப்பட்டி வாசம் இருந்தது, ஏலக்காய் இல்லை. ஃப்ரிஜ்ஜிலிருந்து நேராக வந்த குளிர் வேறு.

ஒரு சஹன் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆறாகப் பிரித்தால் ஹோட்டல் பஃபேயில் பாதிகூட வராது. முதல் நாளே சொல்ல வேண்டும், வாகனம் நிறுத்த இடமில்லை, த்ரீவீலில் போங்கள். கடை நம்பரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் என் பயிற்சி முடியும்போது ஓர்டர் போட வேண்டியவன் அவன்தான்.