முதல் கவிதைத் தொகுப்பும் மதுரை சிம்மக்கல் பக்கத்து அச்சகமும்

முதல் புத்தகம் போடும் இளையவர்கள் இந்த அச்சகத்துக்குத் தயங்காமல் போகலாம். எழுத்துரு விஷயத்தில் மட்டும் உஷார். யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) கொடுத்தாலும் பக்கம் கட்டப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகிவிடும். மாற்றிய பிறகுதான் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை) பார்க்க வேண்டும், அதுவும் தாளில்.

டெமி அளவுப் புத்தகம், உள்ளே 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ தாள், மேலே 300 ஜிஎஸ்எம் அட்டை: அச்சு பளிச். பக்க எண்ணிக்கையை 16-ன் மடங்காக வைத்தால் தாள் வீணாகாது. 64 பக்கத்துக்குக் குறைந்தால் பசை பைண்டிங் கேட்காதீர்கள். முதுகு மெலிந்து ஏடு கழன்றுவிடும். நடுவில் கம்பிப் பின் அடிப்பதே மேல்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித் தரத் தனிக் கட்டணமாம். எதற்கு? அரசு இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பித்தால் இலவசம்.