மடிப்புப் பெட்டி: மடித்துப் பார்ப்பதா, கணக்குப் போட்டு வெட்டுவதா?

இந்தக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு நாலு துண்டு மைசூர்பாகும் ஒரு சின்னக் காகிதப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது என்று வீட்டில் முடிவானது. 120 பெட்டி, 120 மூடி. பசை இல்லாமல், வெறும் மடிப்பிலேயே நிற்கிற பெட்டி. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் சார்ட் பேப்பர் வாங்கும் முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை செ.மீ. சதுரம் வெட்டினால் நமக்கு வேண்டிய பெட்டி வரும்?

இதற்கு மூன்று வழி உண்டு. உத்தேசமாக ஒரு சதுரம் வெட்டி மடித்துப் பார்த்து, கூட்டிக் குறைப்பது ஒன்று. செல்போனில் கிடைக்கும் அளவுப் படத்தை அப்படியே அச்செடுத்து வெட்டுவது இன்னொன்று. மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் படித்த இயற்கணிதம். நான் எடுத்தது மூன்றாவது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அச்செடுக்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலைந்து பெட்டி போதும், படத்தில் உள்ள அளவே நமக்கும் சரி என்றால் அதைவிடச் சுலபம் வேறில்லை. அளவை மாற்ற வேண்டும் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

மடித்துப் பார்க்கும் வழிக்கு நல்ல மரியாதை தர வேண்டும். நாலு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, பிறகு நாலு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, சுவர்களை எழுப்பினால் பெட்டி. ஸ்கேலே வேண்டாம். டி. சுந்தர ராவ் என்பவர் 1893-லேயே இதே மதராஸில், காகிதத்தை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகளோடு உட்கார்ந்து செய்வதென்றால் நானும் இந்த வழிக்குத்தான் போவேன். ஆனால் இதில் தாளிலிருந்து பெட்டிக்குத்தான் போக முடியும். எனக்கு வேண்டியது திரும்பி வரும் பாதை: கையில் மைசூர்பாகு இருக்கிறது, அதற்கு எந்தத் தாள்?

இங்கேதான் கணக்கு உதவுகிறது. முடிந்த பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துப் பாருங்கள். தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகப் போனால் மடிப்புகள் வரிசையாக இருக்கும்: அடியில் பாதி, உள்சுவர், வெளிச்சுவர், முழு அடி, மறுபடி வெளிச்சுவர், உள்சுவர், அடியில் பாதி. அடிப்பக்கத்தை 'அ' என்றும் உயரத்தை 'உ' என்றும் வைத்தால் மொத்தம் 2அ + 4உ. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல 1.414 மடங்கு. ஆகவே தாளின் பக்கம்:

த = 1.414 × (அ + 2உ)

இவ்வளவுதான். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடுகூடத் தேவையில்லை.

நடுவுக்கு மடிக்கும் பழைய முறையில் உயரம் எப்போதும் அடியில் பாதியாகத்தான் வரும். சூத்திரத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. மூலைகளை மடித்த பிறகு, ஓரத்தை நடுவுக்குக் கொண்டுபோகாமல், ஓரத்திலிருந்து 'உ' தூரத்தில் கோடு போட்டு மடித்தால் போதும். எழுதாத ரீஃபில் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துக்கொண்டால் மடிப்பு கத்திபோல விழும்.

என்னை முழுசாக இந்தப் பக்கம் இழுத்த விஷயம் தாள் சேதம். 3 செ.மீ. சதுரத் துண்டு நாலு வைக்க 6 செ.மீ., பட்டர் பேப்பருக்கும் கைக்கும் கொஞ்சம் இடம் விட்டு அடி 6.4. பழைய முறைப்படி உயரம் 3.2. தாள் 1.414 × 12.8, அதாவது 18.1 செ.மீ. சார்ட் பேப்பர் 71-க்கு 56 செ.மீ. (28-க்கு 22 அங்குலம்). 71-இல் 18.1 மூன்று முறைதான் போகும்; நாலாவதற்கு ஒன்றரை செ.மீ. இடிக்கும். 56-இலும் மூன்று. ஒரு சார்ட்டுக்கு 9 பெட்டி, பக்கத்தில் ஒரு பெரிய பட்டை வீண்.

அடியைத் தொட முடியாது, அதை மைசூர்பாகு தீர்மானித்துவிட்டது. உயரம் நம் கையில் இருக்கிறது. துண்டின் கனம் இரண்டரை செ.மீ.தான். உயரத்தை 3.2-லிருந்து 3-க்கு இறக்கினால் தாள் 1.414 × 12.4, அதாவது 17.54. இப்போது 71-இல் நாலு போகிறது. ஒரு சார்ட்டுக்கு 12 பெட்டி. வெறும் 2 மி.மீ. குறைத்ததற்கு மூன்று பெட்டி கூடுதல்! மடித்து மடித்துப் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. ஏனென்றால் கையில் இருக்கும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். அதை ஏன் மாற்ற வேண்டும் என்றே தோன்றும். நான் பார்த்த வரையில் செல்போன் படங்களும் இதைச் சொல்வதில்லை.

மூடியில் லாபம் இன்னும் அதிகம். அதே 18.1 தாளை எடுத்து, ஓரங்களை நடுவில் சேர்க்காமல் 3 மி.மீ. இடைவெளி விட்டு மடித்தால் மூடி வரும் என்பது கைப்பழக்கம். வரும்தான், ஆனால் பெட்டி உயரத்துக்கே மூடியும் வரும். மூடிக்கு எதற்கு அவ்வளவு உயரம்? அடி 6.7, உயரம் 1.5 என்று வைத்தால் தாள் 1.414 × 9.7, சுமார் 13.7. நீளத்தில் ஐந்து, அகலத்தில் நாலு, ஒரு சார்ட்டுக்கு 20 மூடி.

கூட்டிப் பாருங்கள். பழைய வழியில் பெட்டிக்கு 14 சார்ட், மூடிக்கு 14, ஆக 28. கணக்கு வழியில் 10-ம் 6-ம், ஆக 16.

மூடியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூடி 3 மி.மீ. பெரிதாக வேண்டும் என்று தாளையும் 3 மி.மீ. பெரிதாக வெட்டி, நடுவுக்கே மடித்தால், மூடியின் அடி ஒரு மி.மீ.தான் கூடும், மீதி உயரத்துக்கும் இரட்டைச் சுவருக்கும் போய்விடும். அந்த மூடியை அழுத்தி மாட்டினால் பெட்டியின் மூலை நசுங்கும். உயரத்தை மாற்றாமல் அடியை மட்டும் 3 மி.மீ. கூட்ட, தாளில் 4.2 மி.மீ. கூட்ட வேண்டும்.

மூலைகளை வெட்டிப் பசை போட்டு ஒட்டும் பெட்டியையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தாளின் பக்கம் அ + 2உ மட்டும் போதும், அதாவது மடிப்புப் பெட்டிக்கு ஆகும் பரப்பில் சரிபாதி. இந்த அளவுக்கே ஒரு சார்ட்டுக்கு 20 பெட்டி வரும். தாள் செலவு மட்டும்தான் கவலை என்றால் அதற்கே போகலாம். ஒற்றைச் சுவர், பசை காயும் நேரம், பலகாரத்தின் பக்கத்தில் பசை, இதெல்லாம் எனக்குப் பிடிக்காததால் மடிப்புக்கு வந்தேன்.

இந்த அளவுகள் எல்லாம் சார்ட் பேப்பருக்குச் சரியாக நிற்கின்றன. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையில் எனக்குப் பழக்கம் குறைவு. 30 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டியும் செய்ததில்லை. கனமான அட்டையில் ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும், உள்ளளவு சூத்திரம் சொல்வதைவிடக் குறையும். அப்படிப்பட்ட அட்டை என்றால் கணக்குச் சொல்லும் அளவில் ஒரே ஒரு மாதிரி மடித்து, உள்ளே ஸ்கேல் வைத்து அளந்து, குறைகிற மில்லிமீட்டரை 'அ'-வில் சேர்த்து மறுபடி பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மொத்த அட்டையையும் வெட்டலாம்.