நெஞ்சு வலின்னா "24 மணி நேர எமர்ஜென்சி" போர்ட நம்பி உள்ள போயிராதீங்க

மதுரை சுத்துவட்டாரத்துல இருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, பதிவு நீளம்தான். ஆஸ்பத்திரி பேர் போடல, மனு குடுத்திருக்கோம், அது ஓடிட்டு இருக்கு. மதுரையில இருந்து முக்கா மணி நேரத்துல ஒரு டவுன், நாலு மாடி கட்டடம், வாசல்ல சிவப்பு எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், மல்டி ஸ்பெஷாலிட்டி, 24 மணி நேர அவசர சிகிச்சை, இதய நோய்ப் பிரிவு அப்டின்னு. இந்த போர்டு இல்லாத ஊரு இப்ப எது, அதனால எந்த ஊருன்றது பெருசில்ல.

எங்க சித்தப்பாவுக்கு 57 வயசு, ரொம்ப வருஷமா சுகர். சாப்பிட்டு படுத்தவரு பதினோரு மணி வாக்குல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. வலின்னு கூட சொல்லல, நெஞ்ச போட்டு அமுக்குது, தாடை வரைக்கும் இழுக்குதுன்னுதான் சொன்னாராம், ஃபேன் முழுசா ஓடுது ஆனா பனியன் தொப்பலா நனைஞ்சு கெடக்கு. சுகர் இருக்கவங்களுக்கு ஹார்ட் அட்டாக் பெருசா வலியே இல்லாமயும் வரும், இது நெறைய பேருக்கு தெரியறதில்ல. சித்தப்பா மகன் 108க்கு போன் போடப் போனவன பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரு நிறுத்தி, அது எப்ப வரும் தம்பி, நான் பத்து நிமிஷத்துல எறக்கி விடறேன்னு ஏத்திட்டுப் போயிட்டாரு. போற வழியில தாலுகா ஜிஎச் லைட்டு எரிஞ்சுக்கிட்டு தான் இருந்துச்சு, அதைத் தாண்டி இந்த நாலு மாடிக்கு போயிருக்காங்க. ஆட்டோக்காரங்களுக்கு அங்க கமிஷன் கணக்கு இருக்குன்னு ஊர்ல பேசிக்கிறாங்க, எனக்கு அதுக்கு ஆதாரம் இல்ல.

உள்ள ஒரு சிஸ்டரு, ஒரு சின்ன வயசு டூட்டி டாக்டரு. வயித்த அமுக்கிப் பாத்துட்டு கேஸு தாங்க, பயப்படாதீங்கன்னு ரெண்டு ஊசி, ஒரு டிரிப். நெஞ்சு அமுக்குது, வேர்க்குது, தாடை இழுக்குதுன்னு வர்ற 57 வயசு ஆளுக்கு வந்த பத்து நிமிஷத்துல இசிஜி எடுக்கணும், இது உலகம் பூரா இருக்க வழக்கம். இவங்க ரத்தம் எடுத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, வயித்து ஸ்கேனுக்கு எழுதினாங்க, அட்வான்ஸ் 20,000 கட்டச் சொன்னாங்க, தம்பி சத்தம் போட்ட பிறகுதான் அந்த மிஷின தள்ளிட்டு வந்திருக்காங்க. இசிஜி பேப்பர்ல நேரம் தானா அச்சாகும், 1:52 ன்னு இருக்கு. உள்ள போனது பதினொன்னே முக்காலுக்கு.

அத போட்டோ எடுத்து வாட்ஸப்ல யாருக்கோ அனுப்பிட்டு, லேசா சேஞ்ச் தெரியுது, காலைல இதய டாக்டர் வருவாரு, ஐசியுல அப்சர்வேஷன்ல இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய (எங்க ஊர்ல இன்னமும் கலைஞர் கார்டுதான்) நீட்டுனா, அது எமர்ஜென்சிக்கு செல்லாதுங்கன்னு பதில். பொய்யிங்க. அப்புறம் விசாரிச்சா தான் தெரியுது, அந்த ஆஸ்பத்திரிக்கு அந்த திட்டத்துல எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும்தான் அனுமதி, ஓனரே எலும்பு டாக்டர். கால் ஒடஞ்சு போனா நல்லாவே பாப்பாங்களோ என்னமோ. இதய டாக்டர்னு போர்டுல இருக்கவரு வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் வந்து ஓபி பாத்துட்டுப் போறவரு.

ஆறு மணிக்கு பிரஷர் எறங்கிருச்சு. உடனே கண்டிஷன் மோசம், மதுரைக்கு கொண்டு போங்கன்னுட்டாங்க. பில்லு கட்டுனாத்தான் பேப்பர் தருவோம்னு கேஷ் கவுண்டர்ல அரை மணி நேரம். 43,600. அதுல ஒரு வரி "இதய நிபுணர் ஆலோசனை 2,500". எந்த நிபுணரு, வாட்ஸப்ல போட்டோ பாத்தவரா? வாசல்ல அவங்க ஆம்புலன்ஸ் ரெடியா நிக்குது, டிரைவர் மதுரையில ஒரு பிரைவேட் பேர சொல்லி, அங்க பேசியாச்சுங்கறான். யாரு பேசச் சொன்னா? நான் மதுரையில இருந்து போன்ல கத்தி, பெரியாஸ்பத்திரிக்கு (மதுரை ஜிஎச்) விடச் சொல்லி, நான் போயி வாசல்ல நின்னேன்.

பெரியாஸ்பத்திரில கூட்டம், தரையில ஆளுங்க, பாத்ரூம் பத்தி பேசவே வேணாம், எல்லாம் உண்மைதான். ஆனா அந்த 1:52 பேப்பர பாத்த டாக்டரம்மா நிமிந்து பாத்து, இத வச்சுக்கிட்டா விடிய விடிய படுக்க வச்சிருந்தாங்கன்னு கேட்டுட்டு அடுத்த நிமிஷம் மாத்திரைய வாயில போட்டுட்டாங்க. அன்னைக்கே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், அதே அட்டையில, கையில இருந்து பைசா போகல. ஆளு இருக்காரு. ஆனா எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட பம்பிங் 35 சதவீதம்தான்னு வந்திருக்கு, மாடி ஏறுனா நின்னு நின்னு ஏறுறாரு, லோடு ஏத்தி எறக்குன மனுஷன். அடைப்பு வந்தா ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி 12 மணி நேரத்துக்குள்ள போடலாம்னு சொன்னாலும் மொத ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டா தான் இதயத் தசை நெறைய பொழைக்கும், அந்த நேரத்தத் தான் இவங்க தின்னுட்டாங்க.

இத்தனைக்கும் 2023ல இருந்து நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல கூட "இதயம் காப்போம்" திட்டத்துல இதுக்குன்னே மாத்திரை வச்சிருக்காங்க, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை, குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. விலைன்னு பாத்தா டீக்காசு தான் வரும். நாலு மாடி ஐசியுல அந்த 14 மாத்திரை கெடைக்கல.

அதனால ரிசப்ஷன்லயே, அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடியே கேளுங்க, கூச்சப்படாதீங்க: இதய டாக்டர் இப்ப, இந்த நிமிஷம் ஊருக்குள்ள இருக்காரா, ஆஞ்சியோ பண்ற கேத் லேப் இருக்கா, இல்லன்னா கட்டி கரைக்கிற ஊசியாவது இங்கயே போடுவீங்களா. மூணுக்கும் இழுத்தா இசிஜி மட்டும் எடுத்து பேப்பர கையில வாங்கிட்டு கெளம்பிருங்க. பக்கத்துல ஜிஎச் இருந்தா அங்க போங்க, 108 அங்கயே வந்து ஏத்திக்கும், காசும் இல்ல, கமிஷன் பேச்சும் இல்ல. காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரில எந்த நோய்க்கு செல்லும்னு 1800 425 3993 ல கேக்கலாம், வீட்ல யாருக்கும் ஒன்னும் இல்லாதப்பவே கேட்டு எழுதி வைங்க, நடுராத்திரி ஆட்டோவுல உக்காந்துகிட்டு எவனும் கேக்க மாட்டான். பேப்பர் தர மாட்டேன்னு சொன்னா எழுதிக் குடுத்து கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துல சிகிச்சை ரெக்கார்ட குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சில் விதி 2002ல இருந்தே இருக்கு.

நாங்க மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம், இசிஜி ஜெராக்ஸ், பில்லு ஜெராக்ஸ் ரெண்டும் வச்சு. ஆஸ்பத்திரில இருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்து, அந்த 2,500 மட்டும் திருப்பித் தர்றோம், மனுவ வாபஸ் வாங்கிக்கிங்கன்னாரு. சித்தி காப்பி கூட குடுக்காம அனுப்பிட்டாங்க.