விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா, பதியனா?

நர்சரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மாங்கன்றுகளில் ஒன்று 3, 4 வருடத்தில் காய்க்கும். இன்னொன்றுக்கு 7, 8 வருடம்கூட ஆகலாம். உயரம், இலை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று ஒட்டு, அதாவது ஒரு கன்றின் அடித்தண்டில் வேறொரு மரத்தின் குச்சியைச் சேர்த்து வளர்த்தது; மற்றது விதையில் முளைத்தது. எந்தப் பழம் என்று முடிவு செய்தவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே கன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

விதைக்கன்று தன் இளம்பருவத்தைக் கடந்தால்தான் பூக்கும். ஒட்டுக்கன்றில் மேலே இருப்பது ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த மரத்தின் குச்சி, அதனால் அந்தக் காத்திருப்பு அதற்கு இல்லை. ருசியிலும் இதே கதைதான். விதைக்குள் வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்திருக்கும் என்பதால், நாம் சாப்பிட்ட பழமே திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குச்சியில் வளர்ந்தது தாய்மரத்தின் நகல்.

அதற்காக விதையை ஒதுக்கிவிட வேண்டாம். சில மா வகைகளின் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயை அப்படியே ஒத்திருக்கும். சிறிய எலுமிச்சையும் இந்த ரகம்தான். தரையில் இடமும் பொறுமையும் இருந்தால் எலுமிச்சையை விதையில் வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. முள் கொஞ்சம் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். பப்பாளிக்கு விதைதான் வழக்கமான வழி, ஒரு வருடத்துக்குள் காய்த்தும் விடும். தென்னைக்கு ஒட்டுப் பேச்சே கிடையாது.

விதையில் ஒரு சூதாட்டச் சுகமும் உண்டு. உலகமெங்கும் விற்கும் ஹாஸ் அவகாடோ, கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்பவர் வளர்த்த ஒரு விதைக்கன்றில் தற்செயலாகக் கிடைத்தது. அதில் வேறு ரகத்தை ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டு சேரவில்லை. 1935இல் அந்த மரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நான் இந்தச் சூதாட்டத்துக்கு வரமாட்டேன். மா, சப்போட்டா, அவகாடோ மூன்றுக்கும் ஒட்டுதான்.

ஒட்டுக்கன்றின் சிக்கல் வாங்கிய பிறகு தொடங்குகிறது. அது உண்மையில் இரண்டு செடி. ஒட்டுக்குக் கீழே இருப்பது வேறு மரம், அதற்கும் துளிர்விடும் ஆசை இருக்கும். கீழிருந்து வரும் துளிரை அவ்வப்போது கிள்ளாமல் விட்டால், அது மேல்பாதியை அமுக்கிவிட்டுத் தானே மரமாகிவிடும். "வாங்கியபோது ஒட்டுக்கன்று, இப்போது பழம் புளிக்கிறது" என்று புலம்புகிறவர்கள் மரத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் அளவாவது தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டு நன்றாகச் சேர்ந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தண்டு பருக்கப் பருக்க அது இறுக்கி, அந்த இடத்திலேயே செடி ஒடிந்துவிடும்.

இந்தத் தலைவலி இல்லாதது பதியன். பென்சில் தடிமனான கிளையில் ஓர் அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நாரோ பாசியோ வைத்து பிளாஸ்டிக்கால் கட்டினால், சில வாரங்களில் வேர் பிடிக்கும். அப்புறம் வெட்டி நட வேண்டியதுதான். அடி முதல் நுனி வரை ஒரே ரகம் என்பதால் எங்கிருந்து துளிர்த்தாலும் கவலையில்லை. கொய்யாவுக்கு இதுதான் என் தேர்வு, ஓரிரு வருடத்தில் காய் பார்க்கலாம். மாதுளைக்கு இவ்வளவு மெனக்கெடவும் தேவையில்லை, முற்றிய குச்சியை ஊன்றினாலே வரும். ஆனால் மாவில் பதியன் எளிதாக வேர்விடாது.

பதியனுக்கு ஆணிவேர் கிடையாது என்பதுதான் குறை. பலத்த காற்றடிக்கும் திறந்த இடத்தில், முதல் சில வருடங்களாவது முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் ஆணிவேருக்கு எப்படியும் போக இடமில்லை. அங்கே இந்தக் குறை ஒரு குறையே அல்ல.

வாங்கும்போது தண்டின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒட்டு என்றால் ஒரு தழும்போ புடைப்போ தட்டுப்படும், பட்டையின் நிறமும் மாறும். வழவழவென்று நேராக இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் சந்தேகப்படுங்கள். சின்னப் பையிலேயே காயோடு நிற்கும் கன்றைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வெகுநாள் பையில் கிடந்து வேர் உள்ளேயே சுருண்டிருக்க வாய்ப்புண்டு. அந்தக் காய்களையும், முதல் வருடம் வரும் பூவையும் கிள்ளிவிட்டால்தான் செடி வேரிலும் கிளையிலும் கவனம் வைக்கும்.